பனியைத் தள்ளினேனா

துளைக்கும் குழாயின் கைப்பிடி இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் அதிர்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நல்லசிவம் பிடித்திருந்தார். இருவரும் ஒரே சீராக அழுத்த வேண்டும், ஒருவர் கூடுதலாக அழுத்தினால் குழாய் கோணிக்கொண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஐஸ் பொடி மாவாகப் பொங்கி பூட்ஸைச் சுற்றி ஏறியது. செண்பகவல்லி அதைக் காலால் ஒதுக்கினாள். ஒதுக்கிய கால் அப்படியே நின்றது. அங்கே ஒதுக்கினேனா? அங்கே என்பது நூறு அடி தள்ளிச் சிவப்புக் கொடி நட்டிருந்த இடம். சற்று முன் ஹெலிகாப்டர் அவர்கள் இருவரையும் அங்கேதான் இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியிருந்தது. தென்துருவக் கடலின்மேல் மிதக்கும் ஐஸில் எந்த விமானியும் எடுத்த எடுப்பில் இறங்கிவிடுவதில்லை. ஹெலிகாப்டரின் கால்கள் பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க, எடை முழுவதையும் தலைக்கு மேல் சுழலும் விசிறியிலேயே தாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவர் குனிந்து இறங்கி, சிறிய துளைகருவியால் ஐஸைத் துளைத்து, கீழேயிருந்து கடல்தண்ணீர் எட்டிப்பார்த்ததும் அளவு நாடாவை உள்ளே விட வேண்டும். நாடாவின் நுனியில் ஒரு பித்தளைச் சட்டம். அடிக்குப் போனதும் அது குறுக்கே திரும்பி ஐஸின் அடிவயிற்றில் மாட்டிக்கொள்ளும். நாடாவை இழுத்துப் பிடித்து மேலே அளவு படிக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டர் இருந்தால் கட்டைவிரல். இல்லாவிட்டால் இரண்டு கைகளும் மார்பின் குறுக்கே. கட்டைவிரலைப் பார்த்த பிறகுதான் விமானி எடையைப் போடுவார். இன்று இறங்கியவள் அவள். எழுபது என்று படித்தவள் அவள், கட்டைவிரலைக் காட்டியவளும் அவள்தான். ஆனால் அந்த ஐஸின்மேல் ஒரு சாண் பனி கிடந்தது. பனி எடை தாங்காது, பஞ்சு மாதிரி. அதைக் காலால் தள்ளிவிட்டு, கருநீலமாக ஐஸ் தெரிந்த பிறகு, அந்த மட்டத்தில்தான் நாடாவைப் படிக்க வேண்டும். தள்ளாமல் படித்தால் பனியும் ஐஸோடு சேர்ந்துகொள்ளும். ஐம்பது இருந்தாலும் எழுபது என்று காட்டும். புதிதாக வருபவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். முதலில் கால், அப்புறம் கை.

கையைத் தேடினால் கிடைக்கிறது. பித்தளைச் சட்டத்தின் குளிர் கையுறைக்குள் ஏறி விரல் நுனியைக் கடித்தது இருக்கிறது. விசிறிக் காற்றில் பனித்தூள் ஊசியாகக் கன்னத்தில் குத்தியது இருக்கிறது. நாடாவில் ஏழும் சைபரும், சைபரின் வயிற்றில் ஒரு கீறல், அது இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் விமானி கேப்டன் மச்சாது வலது கையைக் குவித்துச் சோற்றை வாயில் போடுவதுபோல் காட்டியதும் இருக்கிறது. கப்பல் சமையல்காரன் இன்று மீன்குழம்பு வைப்பதாகச் சொல்லியிருந்தான், சீக்கிரம் பார், குழம்பு ஆறுகிறது என்று அர்த்தம். அவள் சிரித்தாள். சிரித்தபோது பல்லில் குளிர் பட்டுக் கூசியதுகூட இருக்கிறது. கால் மட்டும் இல்லை. காலைத் தேடிப் போனால் நேற்றைய கால் வருகிறது, போன வருஷத்துக் கால் வருகிறது, எத்தனையோ இடங்களில் பனியைத் தள்ளிய கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நான்தான் இன்றையது, நான்தான் இன்றையது என்கின்றன. எதை நம்புவது. வலது காலால் இரண்டு தடவை, பிறகு குதிகாலால் ஒரு தேய்ப்பு, அப்படித்தான் செய்வாள், செய்யாமல் இருந்ததில்லை, செய்யாமல் இருந்ததில்லை என்பதாலேயே செய்தது நினைவில் நிற்பதில்லை. சிரிப்பதற்கு முன்னால் தள்ளினேனா. சிரித்த பிறகு தள்ளினேனா. சிரித்ததால் தள்ளவில்லையா. போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஹெலிகாப்டர் கிளம்பும்போது விசிறிக் காற்று கொடியைச் சுற்றி ஒரு களம் அளவுக்குப் பனியைத் துப்புரவாக ஊதிவிட்டுப் போயிருந்தது. இங்கிருந்தே தெரிகிறது, வழித்தெடுத்த தட்டு மாதிரி.

நல்லசிவம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ஈரோட்டுக்காரர், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர், அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆரம்பத்தில் மேடம் என்று இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வாய் வராமல் அம்மணிக்கு மாறிவிட்டார். கோபியில் மகளுக்குக் கல்யாண மண்டபம் கிடைக்காத கதையைக் கப்பல் ஏறிய நாளிலிருந்து சொல்லிவருகிறார். இப்போதும் அதுதான். சம்பந்தி வீட்டார் ஆயிரம் பேர் என்கிறார்களாம், அந்த ஆயிரம் பேரையும் இங்கே கூட்டிவந்தால் இடப்பிரச்சினையே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். ஆயிரம் பேர். இந்த ஐஸ் எத்தனை பேரைத் தாங்கும். ஆள் நடப்பதற்கு ஒரு முழம் இருந்தால் போதும், யானை நடக்க எவ்வளவு, யானையைவிட எடையுள்ளது விசிறியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவு. முதல் தடவை தாங்கியதே. மச்சாது எடையைப் போட்டார், பெட்டிகளை இறக்கினார்கள், எடுத்துக்கொண்டு போனார், ஒன்றும் ஆகவில்லை. அப்போது பாதி காலி. இப்போது வரும்போது கூடாரம், இரண்டு பீப்பாய் எண்ணெய், பேட்டரிகள், உள்ளே இன்னும் இரண்டு பேர், எல்லாம் ஒரு வாரம் இங்கே தங்குவதற்கான ஏற்பாடு. வந்து அதே கொடிக்குப் பக்கத்தில், அவள் எழுபது என்று சொன்ன இடத்தில், நம்பிக்கையோடு எடையைப் போடுவார். ஒரே இடத்தில் இரண்டு முறை துளைத்துப் பார்ப்பது வழக்கமில்லை. ஒருமுறை அளந்து கொடி நட்டால் அது நட்டதுதான். ஐஸ் உடைவது மரம் முறிவதுபோல் சத்தமாக இருக்காது என்பார்கள். முதலில் தொய்யும். தொய்ந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறும். அதற்குள் ஒரு கால் இறங்கி, விசிறி சாய்ந்து, ஐஸை வெட்டும்.

“நான் அங்க இறங்கினப்ப பனியைத் தள்ளினேனா, பார்த்தீங்களா?” என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது.

“நானெங்கீங்க பார்த்தேன். பொட்டி சரியாம மடியில அணைச்சுப் புடிச்சுட்டு உக்கோந்திருந்தேன்.” நல்லசிவம் மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார். “தள்ளியிருப்பீங்க அம்மணி. நீங்க தள்ளாம இருப்பீங்களா.”

நீங்க தள்ளாம இருப்பீங்களா. அவரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது, மண்டபத்துக்குத் திரும்பிவிட்டார். நடுவில் விட்டுவிட்டு ஓடவும் முடியாது. குழாய் பாதி இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் பொடி உறைந்து குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஒரு ஆளால் அதைத் தூக்க முடியாது. இது முடிந்ததும் போகலாம். இது முடிவதற்குள் மச்சாது வந்துவிட்டால். தோளில் தொங்கும் வாக்கி-டாக்கியில் இப்போதே சொல்லலாம். பொத்தானை அமுக்கிச் சொல்ல வேண்டியது ஒரு வரி. அந்த ஒரு வரி மச்சாதுவுக்கு மட்டும் போகாது, கப்பலின் மேல்தளத்தில் இருக்கும் ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும், அங்கே எப்போதும் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். போன வாரம் நின்றவர்களும் அவர்கள்தான். போன வாரம் பாதி வழியில், பறந்துகொண்டிருக்கும்போது, கூடாரத்தில் அடுப்பை அணைத்தோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை, சொன்னாள். மச்சாது வண்டியைத் திருப்பினார். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து சில்லிட்டு மேலே வெண்மையாகப் படிந்திருந்தது. அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டின் நடுவே ஒரு சின்னப் பூட்டு இருந்தது. நன்றாகப் பூட்டியிருக்கா, இழுத்துப் பார்த்துக்கோ தங்கச்சி என்றார் மச்சாது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் தூத்துக்குடிக்காரர், அவளுக்குக் கோவில்பட்டி என்று தெரிந்த அன்றே, அப்ப நம்ம பக்கத்துப் பிள்ளைல்லா என்று சொல்லித் தங்கச்சியாக்கிக்கொண்டவர், அவளும் மற்றவர்கள் இல்லாதபோது அண்ணாச்சி என்பாள், அந்த உரிமையில் செய்ததுதான். அவளும் சிரித்தாள். பூட்டை இழுத்துக்கூடப் பார்த்தாள். பூட்டுக் கதையை அவரிடம் சொன்னவளே அவள்தானே.

குற்றாலத்துக்கு வேனில் போனது அது. அண்ணன் குடும்பம், நாத்தனார்கள், பிள்ளைகள், தூக்குச்சட்டிகளில் புளியோதரை. வேன் கயத்தாறைத் தாண்டியதும் வீட்டைப் பூட்டினோமா என்று அவளுக்கு வந்தது. சாவி கையில்தான் இருந்தது. கையில் இருப்பது பூட்டியதற்குச் சாட்சியா. அவள் கணவன் சீனிராஜ் முதலில் வேடிக்கையாகப் பேசினான், பிறகு கெஞ்சினான், பிறகு டிரைவரிடம் திருப்பச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வந்து பார்த்தால் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேனிலிருந்த எல்லோரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள். பூட்டியிருந்ததில் ஒரு நிம்மதியும் இல்லை, திறந்து கிடந்திருக்கக்கூடாதா என்றுதான் இருந்தது. அன்றைக்கு அருவியில் கூட்டம், குளிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். வரும். தொண்டைக்குள் ஒரு மீன்முள் மாதிரி நிற்கும். விழுங்கிக்கொண்டு நடந்துவிட வேண்டும், கொஞ்ச தூரம் நடந்தால் கரைந்துவிடும். ஐந்தாறு வருஷம் அப்படி விழுங்கி விழுங்கிப் பழகி, போன வாரம் அடுப்பில் தவறிவிட்டது. இதுவும் முள்தான். நடந்தால் கரைந்துவிடும். ஆனால் எங்கே நடப்பது, கையில் குழாய் இருக்கிறது.

“அழுத்தம் பத்தலைங் அம்மணி,” என்றார் நல்லசிவம். அழுத்தினாள்.

அப்பாவுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. தீப்பெட்டி செய்யும் ஆபீஸில் மேஸ்திரி. சாயங்காலம் வேலை விட்டதும் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் அறை வாசலில், தீப்பொறி எதுவும் பற்றாமலிருக்க, சாக்கை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார், வந்து கை கால் கழுவி உட்கார்ந்த பிறகு சாக்கு நனைந்திருந்ததா என்று வந்துவிடும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் சட்டையில் எப்போதும் அந்த மருந்து வாடை, மூக்கின் உட்புறம் சுரண்டும் வாடை. ஒருநாள் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, இன்னைக்கு நீங்க போனா நான் சாப்பிட மாட்டேன் என்றாள். அப்பா போகவில்லை. சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்து விரல்களில் ஒட்டிக்கொண்டது. வாசலுக்கு வெளியே தெருவில் யாராவது வேகமாக நடந்தால் அவர் முதுகு நிமிரும். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. அந்த ஆபீஸ் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் அவளுக்கு அப்பா என்று நினைத்தால் அந்தக் கைதான் வருகிறது, ஒன்றும் நடக்காத ஒரு நாளில் சோற்றுக்குள் கிடந்த கை. அவர் போயிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தால் என்ன, மறுநாள் மறுபடியும் போகத்தானே வேண்டும்.

குழாய் சட்டென்று இலேசானது. அடியைத் தொட்டு வெளியே போய்விட்டது. தண்ணீர் பொங்கி ஏறி, பொடியை நனைத்து, பழுப்பாக நின்றது. இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். குழாயைச் சாய்த்துத் தட்டியதும் ஐஸ் தூண் தொட்டிக்குள் வழுக்கிக்கொண்டு வந்தது, மேலே பால் நிறம், நடுவில் கண்ணாடி, அடி நுனியில் பாசியின் பழுப்பு. வழக்கமாக அந்தப் பழுப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரும், வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறதே என்று. இன்று அளவுகோலைத்தான் பார்த்தாள். நல்லசிவமும் பார்த்தார். ஐம்பத்திரண்டு.

“இங்க சன்னமாத்தேன் இருக்குதுங். அங்க எழுபதுன்னீங்க.” சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் உறையை விரித்தார். அவர் குரலில் எதுவும் இல்லை. ஐஸ் அப்படித்தான், பத்து அடிக்கு ஒரு கனம் இருக்கும், ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி உறைந்தால் இரட்டிப்பாகும். அங்கே எழுபது இருக்கலாம். இருக்க முடியும். இங்கேயும் பனி ஒரு சாண்தான் இருந்தது, ஐம்பத்திரண்டும் ஒரு சாணும் எவ்வளவு. எழுபதைத் தாண்டி நாலு. ஏறக்குறைய எழுபது. கணக்கு அதுபாட்டுக்கு வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. செண்பகவல்லி எழுந்தாள். நாடாவை எடுத்துக்கொண்டு கொடியை நோக்கி நாலைந்து எட்டு நடந்தாள். இப்போது போகலாம், கை காலியாகிவிட்டது, துளை மேலாக உறைந்திருக்கும், குத்தினால் உடைந்துவிடும், நாடாவை விட்டு இழுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்றதும் நின்றாள். எழுபது இருந்தால் மறுபடியும் பூட்டு தொங்கும், நல்லசிவம் பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது இருந்தால். ஐம்பது இருந்தால் அவள் காட்டிய கட்டைவிரலின்மேல் மச்சாது ஏற்கெனவே ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து தூணுக்கு உறை போடுவதற்கு ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தாள். நல்லசிவம் தனியாகவே செய்துவிடக்கூடிய வேலை. உறையின் வாயை முறுக்கினாள், பட்டை ஒட்டினாள், ஒட்டியதை விரலால் தேய்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். அப்போதுதான் கேட்டது, காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும் அந்தச் சத்தம்.

வடக்கே ஒரு கொசு. கொசு தும்பியாயிற்று. வாக்கியில் மச்சாதுவின் குரல் வந்தது, மீன்குழம்பு ஒரு தூக்கில் வருகிறது, முள் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர், இல்லை, கப்பலில் யாராவது. செண்பகவல்லி வாக்கியைக் கையில் எடுத்தாள். பல்லால் கையுறையைக் கடித்துக் கழற்றினாள். பொத்தான் சில்லென்றிருந்தது. அமுக்கவில்லை. முள்தான், நடந்தால் கரைந்துவிடும். தும்பி வயிறு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது, தாழ்ந்தது, மூக்கைக் கொடியின் பக்கம் திருப்பியது. வயிறு நிறைந்திருந்தது. எவ்வளவு நிறைந்திருந்தது என்று அது தாழ்ந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பாவின் விரல்களில் சோறு காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எடையைப் போடாதீங்க,” என்றாள். எல்லோர் காதிலும் அண்ணாச்சி என்று விழுந்ததை அப்புறம்தான் உணர்ந்தாள். “அங்க பனியைத் தள்ளிட்டு அளந்தேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. மறுபடி அளக்கணும்.”

பூட்டுக் கேலி வரும் என்று அவள் காத்திருந்தாள்.

“சரி. தொடாம நிக்கேன். நீ வந்து பாரு,” என்றார் மச்சாது.

நாடாவையும் சிறிய துளைகருவியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். விசிறிக் காற்று மார்பில் கைவைத்துத் தள்ளியது. கொடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, துளையின் மேல் படிந்த மெல்லிய ஏட்டைக் கருவியால் குத்தி உடைத்தாள். பனி ஒரு துளிகூட இல்லை, வெறும் ஐஸ், கருநீலம். பித்தளைச் சட்டத்தை உள்ளே விட்டாள். அது கீழே போய்த் திரும்பி மாட்டியது கையில் தெரிந்தது. இழுத்தாள். ஏழும் சைபரும் துளைக்கு மேலே, அவள் முகத்துக்கு நேராக, காற்றில் நின்றன. ஐஸ் மட்டத்தில் ஐம்பது இருந்தது. ஒரு கோடு குறையவும் செய்யலாம். துளையிலிருந்து நூல் நூலாக இரண்டு வெடிப்புகள் கிளம்பி, ஹெலிகாப்டரின் கால் பதிந்த தடம் வரை ஓடியிருந்ததை அப்போது பார்த்தாள். எழுந்து நின்று இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மச்சாதுவின் முகம் அசையவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே மேலே எழும்பியது.

கிழக்கே மேடும் பள்ளமுமாக ஐஸ் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த பக்கத்தை அவர் காட்டினார். அவளும் நல்லசிவமும் நடந்தார்கள். அங்கே அவள் பனியைத் தள்ளினாள், தள்ளுகிற காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தள்ளினாள், ஒன்று, இரண்டு, குதிகால், பிறகு நல்லசிவத்தைக் கூப்பிட்டு அளவைப் படிக்கச் சொன்னாள். ஒரு மீட்டருக்கும் மேலே இருந்தது. கட்டைவிரலைக் காட்டியபோது கட்டைவிரல் யாருடையதோ மாதிரி இருந்தது. எடை இறங்கியது, விசிறி ஓய்ந்தது, வந்தவர்கள் பீப்பாய்களை உருட்டினார்கள். மச்சாது ஹெலிகாப்டரைச் சுற்றிவந்து, கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அவளிடம் வந்து நின்றார்.

“மொத தடவை எடுக்கும்போது அடியில ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு,” என்றார், அவளைப் பார்க்காமல். “கேப்போமான்னு நெனச்சேன். பூட்டு அது இதுன்னு ஓட்டியிருக்கோம்லா, மறுபடி கேட்டா பிள்ள சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன்.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் தலைக்கவசத்தைத் தட்டி அதிலிருந்த பனியை உதறிவிட்டுப் போய்விட்டார். இனிமேல் அவர் பூட்டைப் பற்றிப் பேச மாட்டார் என்று தெரிந்தது. அது பூட்டைவிடக் கனமாக இருந்தது. இந்த ஒன்று திறந்து கிடந்திருக்கிறது. அப்படியானால் மற்றவை. விழுங்கிவிட்டு நடந்த நாட்களில் பூட்டாமல் போன கதவுகள் எத்தனை, மூடாமல் விட்ட குழாய்கள் எத்தனை, ஒன்றும் நடக்காததால் பூட்டியிருந்ததாக எண்ணிக்கொண்டவை. இதற்கு முன் கொடி நட்ட இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த வருஷத்தவை, போன வருஷத்தவை, எல்லாமே இந்நேரம் உருகியோ உடைந்தோ வேறெங்கோ மிதந்துகொண்டிருக்கும், போய் அளந்து பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அங்கெல்லாம் கால் இருந்ததா. குற்றாலத்துக்குப் போகும்போது கயத்தாறில் திரும்பாமல் போயிருந்தால். ஈரச் சாக்கு அன்று நனைந்திருந்ததா இல்லையா, கடைசிவரை அப்பாவுக்குத் தெரியாது, தெரியாமலேதான் போனார். நல்லசிவம் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். குவளையை அவளிடம் நீட்டி, ஆயிரம் பேருக்குப் பந்தி போட இந்தப் பக்கம்தான் தோதுப்படும், அந்தப் பக்கம் ஆகாது என்றார். அவள் குவளையை வாங்கிக்கொண்டாள். கையுறையை மறுபடியும் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, குவளையைக் கீழே வைக்கக் குனிந்தாள். கொடி நட்ட இடங்களை நினைத்துவந்ததில் எதுவரை வந்தோம் என்று யோசித்துக்கொண்டே குனிந்தாள். அவளுடைய வலது கால் பனியை இரண்டு தடவை தள்ளி, குதிகாலால் ஒருமுறை தேய்த்தது. கருநீலமாக ஐஸ் தெரிந்ததும் குவளையை அதன்மேல் வைத்தாள்.